கடையில் எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே ஃபோல்டர்: நெட்வொர்க் ஷேர் அமைக்க முழுமையான வழிகாட்டி

மதுரையில் மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பிரஸ், டிடிபி, ஃபிளெக்ஸ் கடைகளில் பெரும்பாலும் இரண்டு மூன்று சிஸ்டம் இருக்கும். கவுன்டரில் ஒன்று, டிசைன் செய்ய உள்ளே ஒன்று, பிரிண்டர் பக்கத்தில் ஒன்று. கல்யாணப் பத்திரிகை ஃபைல் இவற்றுக்கு நடுவே பென்டிரைவில் அலைந்துகொண்டிருக்கும். திருத்திய ஃபைல் ஒரு சிஸ்டத்தில் கிடக்க, திருத்தாத ஃபைல் பிரிண்டுக்குப் போய்விடும். பெண்ணின் அப்பா இனிஷியல் தப்பாகி ஐந்நூறு பத்திரிகை வீணாகும். ஃபைல் ஒரே இடத்தில் இருந்து எல்லோரும் அதையே திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. இப்படி ஒரு சிஸ்டத்தில் இருந்து மற்றவர்களும் திறக்கும் ஃபோல்டரைத்தான் ‘நெட்வொர்க் ஷேர்’, சுருக்கமாக ‘ஷேர்’ என்கிறோம்.

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். டிடிபி கடையை வைத்துச் சொல்கிறேன். ஆடிட்டர் ஆபீஸ், மொத்த வியாபாரக் கடை என்று எங்கே செய்தாலும் படிகள் இவைதான்.

ஃபோல்டர் இருக்கப்போகும் கணினியை ‘தலைமை சிஸ்டம்’ என்றும், அதைத் திறக்கப்போகும் கணினியை ‘கவுன்டர் சிஸ்டம்’ என்றும் சொல்கிறேன். புதிதாகச் செய்பவர்கள் நேராகக் கவுன்டர் சிஸ்டத்தில் உட்கார்ந்து, ‘நெட்வொர்க்’ ஐகானைத் திறந்து, இன்னொரு கணினி தெரிகிறதா என்று காத்திருப்பார்கள். வேலை தொடங்க வேண்டிய இடம் அது இல்லை. பத்தில் எட்டுப் பங்கு வேலை தலைமை சிஸ்டத்தில்தான். அதை முழுதாக முடித்துவிட்டுக் கவுன்டருக்கு வாருங்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

தலைமை சிஸ்டம் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். கடை திறந்தது முதல் மூடும் வரை ஓடுகிற சிஸ்டமாக அது இருக்க வேண்டும். முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போகும் லேப்டாப் இதற்கு ஆகாது. அது கிளம்பினால் ஃபோல்டரும் கிளம்பிவிடும்.

இரண்டு சிஸ்டத்திலும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுள்ள கணக்கு தேவை. ரவுட்டரின் பாஸ்வேர்டும் தேவை. நெட் கனெக்‌ஷன் கொடுத்தவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். ஒரு தாளும் பேனாவும் எடுத்து, தலைமை சிஸ்டத்தின் பெயர், ஐபி முகவரி, யூசர் பெயர், பாஸ்வேர்ட், ஷேர் பெயர் என்று ஐந்து வரிக்கு இடம் விடுங்கள். ஒவ்வொரு படி முடியும்போதும் ஒரு வரி நிரம்பும்.

வைகாசி, ஆவணி முகூர்த்த நெருக்கடியில் இதைத் தொடாதீர்கள். ஆடி மாதம் கடை காற்றாடும்போது செய்தால் நிதானமாகச் சோதிக்கலாம்.

2. எல்லா சிஸ்டமும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கிறதா?

ஒவ்வொரு சிஸ்டத்திலும் விண்டோஸ் கீயை அழுத்தி, சிஎம்டி என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில், நடுவில் இடைவெளி விடாமல் அடியுங்கள். ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்ற வரியில் 192.168.1.23 போல ஒரு எண் வரும். எல்லா சிஸ்டத்திலும் முதல் மூன்று பகுதியும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசிப் பகுதி வேறாக இருக்க வேண்டும்.

எண் 169.254 என்று தொடங்கினால் அந்த சிஸ்டத்துக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை. கேபிளையும் ஸ்விட்சையும் பாருங்கள்.

ஒன்றில் 192.168.1 என்றும் இன்னொன்றில் 192.168.0 என்றும் வந்தால் கடையில் இரண்டு ரவுட்டர் ஓடுகிறது என்று பொருள். ஃபைபர் கொடுத்தவர்கள் வைத்த பெட்டி ஒன்று, வைஃபை எட்டவில்லை என்று நீங்கள் வாங்கி மாட்டியது ஒன்று. இரண்டாவது ரவுட்டர் தனக்குக் கீழே தனி நெட்வொர்க் போட்டுக்கொள்ளும். இரண்டிலும் இன்டர்நெட் நன்றாக வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஃபோல்டர் மட்டும் திறக்காது. இரண்டாவது ரவுட்டரை ‘அக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால், அதன் சொந்த முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாத எண்ணுக்கு மாற்றி, டிஎச்சிபியை (மற்ற கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை வேன் துளையிலிருந்து எடுத்து லேன் துளையில் செருகுங்கள்.

வைஃபையில் ‘கெஸ்ட்’ என்று தனிப் பெயர் இருந்தால் கவுன்டர் சிஸ்டத்தை அதில் சேர்க்காதீர்கள். கெஸ்ட் வைஃபை இன்டர்நெட்டை மட்டும் கொடுத்துவிட்டு, உள்ளே மற்ற கணினிகளைப் பார்க்க விடாது.

முடிந்தவரை கேபிளே போடுங்கள். பழைய கட்டடங்களின் தடித்த சுவரைத் தாண்டும்போது வைஃபை தேய்ந்துவிடும். கேபிள் போடும்போது உள்ளே இருக்கும் எட்டு வயரையும் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். நான்கு வயரோடு நிறுத்தினாலும் நெட் வரும், ஆனால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். ஒரு ஜிபி ஃபிளெக்ஸ் ஃபைல் அந்த வேகத்தில் நகர ஒன்றரை நிமிடம் பிடிக்கும். எட்டு வயரும் சேர்ந்து, ஸ்விட்சும் கிகாபிட்டாக இருந்து, இரண்டு பக்கமும் எஸ்எஸ்டி இருந்தால் பத்துப் பன்னிரண்டு விநாடிதான்.

3. தலைமை சிஸ்டத்துக்கு மாறாத முகவரி

ரவுட்டர் சாதாரணமாக முகவரியைத் தற்காலிகமாகத்தான் கொடுக்கும். மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டு மாலையில் கொடுக்கும்போது, ரவுட்டர் வேறு எண்ணைக் கொடுத்துவிடலாம். நேற்று 192.168.1.23 என்று சேமித்து வைத்த இணைப்பு இன்று யாரும் இல்லாத இடத்தைத் தேடும். “நேத்து வரைக்கும் வேலை செஞ்சது” என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதனால்தான்.

நல்ல வழி, ரவுட்டரிலேயே பதிந்து வைப்பது. பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும், திறந்து டிஎச்சிபி பக்கத்துக்குப் போங்கள். ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ அல்லது ‘ஸ்டாட்டிக் லீஸ்’ என்ற இடத்தில் தலைமை சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்து, 192.168.1.50 என்று ஒரு எண்ணைக் கொடுங்கள். நாளை விண்டோஸை புதிதாகப் போட்டாலும் இந்த எண் மாறாது.

ரவுட்டருக்குள் நுழைய முடியவில்லை என்றால் சிஸ்டத்திலேயே போடலாம். செட்டிங்ஸில் நெட்வொர்க், ஈதர்நெட், ‘ஐபி அசைன்மென்ட்’, எடிட், மேனுவல். ஐபி முகவரி 192.168.1.50, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 (சில பதிப்புகளில் இதற்குப் பதில் பிரிஃபிக்ஸ் நீளம் கேட்கும், அங்கே 24), கேட்வே 192.168.1.1. டிஎன்எஸ் இடத்தையும் காலியாக விடாதீர்கள். ரவுட்டர் முகவரியையே போடுங்கள். காலியாக விட்டால் ஃபோல்டர் திறக்கும், இன்டர்நெட் நின்றுவிடும்.

கையால் போடும் எண், ரவுட்டர் மற்றவர்களுக்குப் பகிரும் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைக்கு வந்த ஒருவரின் செல்போன் அதே எண்ணை வாங்கிக்கொண்டு, இரண்டும் மோதும்.

இதோடு கணினிக்கு நல்ல பெயரும் வையுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட், ரீநேம். ஆங்கில எழுத்தில், 15 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். மாற்றியதும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். தாளில் இரண்டு வரி நிரம்பிவிட்டது.

4. நெட்வொர்க்கை ‘பிரைவேட்’ ஆக்குங்கள்

தலைமை சிஸ்டத்தில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் பக்கத்தில் ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ என்று இரண்டு தேர்வு இருக்கும். பப்ளிக் என்றால், பஸ் ஸ்டாண்ட் வைஃபையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் ஃபோல்டர் கோரிக்கைகளை மறித்துவிடும். பிரைவேட் என்று மாற்றுங்கள். ரவுட்டரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு மறுபடி பப்ளிக்குக்குப் போய்விடக்கூடும்; அன்றைக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அடுத்து ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’. விண்டோஸ் 11-இல் ‘அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்’ பக்கத்தின் கீழே இருக்கும். பிரைவேட் பகுதியில் ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ இரண்டையும் ஆன் செய்யுங்கள். கீழே ‘பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங்’ ஆனிலேயே இருக்கட்டும்.

பல வீடியோக்களில் அந்தக் கடைசி வசதியை அணைத்துவிடச் சொல்வார்கள், ஃபயர்வாலையும் அணைக்கச் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். மே 2017-இல் வானாக்ரை என்ற ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) இந்த ஃபைல் ஷேரிங் வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. கவுன்டர் சிஸ்டத்தில் யாரோ செருகிய பென்டிரைவிலிருந்து ஏதாவது நுழைந்தால், திறந்து போட்ட ஷேர் அதை நேராக உங்கள் மொத்த வேலைக்கும் கொண்டுவந்து சேர்க்கும். அதோடு, 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து புரோ சிஸ்டங்கள் பாஸ்வேர்ட் இல்லாத ‘கெஸ்ட்’ இணைப்பைத் தாமாகவே மறுத்துவிடும். அந்தக் குறுக்கு வழி இப்போது எடுபடுவதும் இல்லை.

5. ஷேருக்கென்று தனி யூசர்

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள்.

கவுன்டர் சிஸ்டத்திலிருந்து ஃபோல்டரைத் திறக்கும்போது விண்டோஸ் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். அங்கே கேட்பது கவுன்டர் சிஸ்டத்தின் பாஸ்வேர்டை அல்ல, வைஃபை பாஸ்வேர்டையும் அல்ல. ஃபோல்டர் எந்த சிஸ்டத்தில் இருக்கிறதோ அந்த சிஸ்டத்தில் உள்ள ஒரு யூசரின் பெயரும் பாஸ்வேர்டும்தான் வேண்டும். “அண்ணே, கரெக்டாத்தான் அடிக்கிறேன், திரும்பத் திரும்பக் கேக்குது” என்று சொல்பவரின் பின்னால் போய் நின்று பார்த்தால், காலையில் தன் சிஸ்டத்தைத் திறக்க அடித்த நாலு இலக்க பின் எண்ணை அடித்துக்கொண்டிருப்பார். பின் எண் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் உரியது. நெட்வொர்க் வழியாக அது செல்லாது.

பாஸ்வேர்டே வைக்காத யூசரும் உதவ மாட்டார். பாஸ்வேர்ட் இல்லாத கணக்கு, கணினி முன்னால் உட்கார்ந்து நுழைய மட்டும்தான். வெளியிலிருந்து வந்தால் விண்டோஸ் மறுத்துவிடும். முதலாளியின் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்தால் வேலை செய்யலாம், ஆனால் அவருடைய மெயில் பாஸ்வேர்டைக் கவுன்டரில் எழுதி வைக்க வேண்டிவரும். அதை யாரும் செய்யக் கூடாது.

ஆகவே தலைமை சிஸ்டத்தில் புதிதாக ஒரு யூசரை உருவாக்குங்கள். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், ‘அதர் யூசர்ஸ்’, ‘ஆட் அக்கவுன்ட்’. உடனே மெயில் முகவரி கேட்கும், கொடுக்காதீர்கள். “இவருடைய விவரம் என்னிடம் இல்லை” என்ற பொருளில் கீழே இருக்கும் வரியை அமுக்கி, அடுத்த பக்கத்தில் ‘மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாமல் யூசரைச் சேர்’ என்ற வரியை அமுக்குங்கள். பெயர், பாஸ்வேர்ட், மறந்தால் கேட்க மூன்று கேள்விகள் என்று ஒரு பக்கம் வரும். பெயர் சிறியதாக, ஆங்கிலத்தில் இருக்கட்டும். பாஸ்வேர்ட், கடை போர்டில் இருக்கும் போன் நம்பராக இருக்க வேண்டாம். அதைத்தான் எல்லோரும் முதலில் முயன்று பார்ப்பார்கள்.

இந்த யூசரை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்க வேண்டியதில்லை. ஃபோல்டருக்குள் நுழைந்து வேலை செய்தால் போதும், சிஸ்டத்தையே மாற்றும் அதிகாரம் எதற்கு? மூன்று பேர் வேலை செய்யும் கடைக்கு ஒரே யூசர் போதும். கணக்கு ஃபோல்டரைக் கணக்குப்பிள்ளை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் அவருக்கு இன்னொன்று போடுங்கள்.

6. ஃபோல்டரை ஷேர் செய்வது

டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபோல்டரையோ, டிரைவ் முழுவதையுமோ ஷேர் செய்யாதீர்கள். டி டிரைவில் புதிதாக ‘வேலை’ என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். பெயரை இங்கே தமிழில் காட்டுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லாக வைப்பது நல்லது, எந்தக் கீபோர்டிலிருந்தும் அடிக்க வசதி.

ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஷேரிங், ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’. ஷேர் செய்வதற்கான பெட்டியில் டிக் போட்டு, ‘பெர்மிஷன்ஸ்’ அமுக்குங்கள். அங்கே இருக்கும் ‘எவ்ரிஒன்’ என்ற வரியை நீக்கிவிட்டு, நீங்கள் உருவாக்கிய யூசரைச் சேர்த்து, ‘சேஞ்ச்’, ‘ரீட்’ இரண்டுக்கும் டிக் போடுங்கள். ‘ஃபுல் கன்ட்ரோல்’ தேவையில்லை.

இதோடு நிறுத்திவிட்டால் பாதி வேலைதான். அதே பிராப்பர்ட்டீஸில் ‘செக்யூரிட்டி’ என்று இன்னொரு பக்கம் இருக்கிறது. எடிட், ஆட் அமுக்கி, அதே யூசரைச் சேர்த்து ‘மாடிஃபை’ டிக் செய்யுங்கள். ஷேரிங் பெர்மிஷன் வாசல் கதவு என்றால், செக்யூரிட்டி பெர்மிஷன் உள்ளறைக் கதவு. இரண்டும் திறந்திருந்தால்தான் உள்ளே போக முடியும். எது இறுக்கமோ அதுதான் செல்லும். ஃபோல்டர் திறக்கிறது ஆனால் சேவ் ஆகவில்லை என்றால் இந்த இரண்டில் ஒன்றில் ‘ரீட்’ மட்டும் இருக்கும்.

வெளியில் செருகும் ஹார்ட் டிஸ்க் எக்ஸ்ஃபாட் முறையில் இருந்தால் அதில் செக்யூரிட்டி பக்கமே வராது. அங்கே ஒரே கதவுதான். ஆகவே முக்கியமான வேலையை அதில் வைத்து ஷேர் செய்ய வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். அதே டிரைவில் வேறு ஃபோல்டரிலிருந்து ஒரு ஃபைலை ‘கட்’ செய்து இங்கே ஒட்டினால், அது பழைய இடத்தின் பெர்மிஷனையே சுமந்து வரக்கூடும். ஃபோல்டரில் எல்லாம் திறக்கும், அந்த ஒரு ஃபைல் மட்டும் ‘அக்சஸ் டினைடு’ என்று அடம்பிடிக்கும். பழைய வேலைகளை உள்ளே கொண்டுவரும்போது ‘காப்பி’ செய்து ஒட்டுங்கள், சரிபார்த்துவிட்டுப் பழையதை அழியுங்கள். காப்பி ஆகும் ஃபைல் புது ஃபோல்டரின் பெர்மிஷனை வாங்கிக்கொள்ளும்.

7. கவுன்டரிலிருந்து முதல் முறை திறப்பது

இப்போது கவுன்டர் சிஸ்டத்துக்கு வாருங்கள். கறுப்பு ஜன்னலில் பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு 192.168.1.50 போட்டு என்டர் தட்டுங்கள். ‘ரிப்ளை’ வந்தால் பாதை சரி. இந்தச் சோதனையைப் படி 4-க்கு முன்னால் செய்திருந்தால் பதில் வராமல் போயிருக்கலாம். ஃபயர்வால் பிங்கையும் மறிக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அடுத்து விண்டோஸ் கீயோடு ஆர் எழுத்தைச் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறிய பெட்டியில் இப்படி அடியுங்கள்:

\\192.168.1.50\வேலை

சாய்கோட்டைக் கவனியுங்கள். என்டர் கீக்கு மேலே இருக்கும் கோடு அது. கேள்விக்குறியோடு இருக்கும் கோடு அல்ல. இதைக் குரோமில் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். குரோம் இதற்கான இடம் இல்லை.

யூசர் பெயர் கேட்கும் இடத்தில் வெறும் பெயரைப் போடாமல், முன்னால் தலைமை சிஸ்டத்தின் பெயரையும் சாய்கோட்டையும் சேர்த்து அடியுங்கள்: கணினிபெயர்\யூசர்பெயர். எந்தக் கணினியின் யூசர் என்று விண்டோஸ் ஊகிக்க வேண்டியதில்லை. ‘ரிமெம்பர்’ பெட்டியில் இந்த முதல் முறை டிக் போடாதீர்கள். உள்ளே போனதும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்கி, ஒரு வரி எழுதி, சேவ் செய்து, அழித்துப் பாருங்கள். திறப்பது மட்டும் சோதனை அல்ல, எழுதுவதும் அழிப்பதும் நடக்க வேண்டும்.

8. திறக்காவிட்டால்: பிழைச் செய்தியே இடம் காட்டும்

திறக்கவில்லை என்றதும் எல்லா அமைப்பையும் மாற்றிப் பார்ப்பவர்கள், கடைசியில் எது சரியாக இருந்தது என்பதையும் தொலைத்துவிடுவார்கள். என்ன செய்தி வருகிறது என்று முதலில் படியுங்கள்.

80070035 என்று முடியும் எண் வந்தால், நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை. யூசரையும் பாஸ்வேர்டையும் தொட வேண்டாம், விஷயம் இன்னும் அங்கே வரவே இல்லை. தலைமை சிஸ்டம் ஓடுகிறதா, தூங்கிவிட்டதா, முகவரி சரியா, நெட்வொர்க் பப்ளிக்குக்குப் போய்விட்டதா என்று பாருங்கள். ஆன்டிவைரஸ் தனக்கென்று ஃபயர்வால் வைத்திருந்தால் அதிலும் இந்த நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்க வேண்டும்.

பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பாதை சரி, ஆள் சரியில்லை. படி 5-க்குப் போங்கள். முன்பு யாராவது தப்பான பாஸ்வேர்டை ‘ரிமெம்பர்’ செய்திருந்தால், ஸ்டார்ட் மெனுவில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ தேடி, ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ பகுதியில் இந்த முகவரிக்கு உள்ள பதிவை நீக்குங்கள்.

அனுமதி இல்லை என்று வந்தால் பாதையும் சரி, ஆளும் சரி. படி 6-இல் ஒரு கதவு மூடியிருக்கிறது.

ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயரில் இணைய முடியாது என்ற பொருளில் 1219 என்ற எண் வந்தால், முன்பே வேறு பெயரில் இணைந்திருக்கிறீர்கள். கவுன்டர் சிஸ்டத்தில் சைன் அவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே வந்து இணையுங்கள். இதே காரணத்துக்காகத்தான் ஒருநாள் கணினிப் பெயரிலும் ஒருநாள் ஐபி எண்ணிலும் இணையக் கூடாது என்கிறேன். விண்டோஸ் அவை இரண்டையும் வெவ்வேறு சிஸ்டமாக எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் தனித்தனியாகப் பாஸ்வேர்ட் வைத்துக்கொள்ளும். எங்கும் ஐபி எண்ணையே பயன்படுத்துங்கள்.

9. டிரைவ் எழுத்து கொடுப்பது

எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு நிரந்தரமாக்கலாம். ‘திஸ் பிசி’ திறந்து, ‘மேப் நெட்வொர்க் டிரைவ்’. இசட் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, அதே முகவரியைக் கொடுத்து, ‘ரீகனெக்ட் அட் சைன்-இன்’ டிக் போடுங்கள். இப்போது ‘ரிமெம்பர்’ டிக் செய்யலாம்.

எல்லா சிஸ்டத்திலும் அதே எழுத்தைக் கொடுங்கள். பேஜ்மேக்கர், இன்டிசைன் போன்றவற்றில் படத்தை லிங்க் செய்து வைத்தால், அந்தப் படம் இருக்கும் முழுப் பாதையும் ஃபைலுக்குள் பதிவாகும். டிசைனர் சிஸ்டத்தில் இசட், பிரிண்டர் சிஸ்டத்தில் ஒய் என்று இருந்தால், பிரிண்டர் சிஸ்டத்தில் திறக்கும்போது மாப்பிள்ளை பெண் படம் இருக்க வேண்டிய இடத்தில் லிங்க் கிடைக்கவில்லை என்று வரும்.

தலைமை சிஸ்டத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் இது பொருந்தும். அவருக்கு அந்த ஃபோல்டர் டி டிரைவில் நேராகவே தெரியும், அதனால் மேப் செய்யத் தோன்றாது. அவர் டி வழியாக லிங்க் செய்தால் மற்றவர்களுக்கு அது உடையும். தலைமை சிஸ்டத்திலும் அதே ஷேரை இசட் என்று மேப் செய்து, அவரையும் இசட் வழியாகவே வேலை செய்யச் சொல்லுங்கள்.

ஃபான்ட் ஃபோல்டரோடு சேர்ந்து வராது என்பதையும் மறக்காதீர்கள். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்த பத்திரிகையை, அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் எழுத்தெல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஷேரில் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். கடையில் பயன்படும் ஃபான்ட்களை ஷேருக்குள் ஒரு ஃபோல்டரில் போட்டு, ஒவ்வொரு சிஸ்டத்திலும் இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

10. அழித்தால் திரும்பாது

கவுன்டர் சிஸ்டத்திலிருந்து ஷேரில் உள்ள ஒரு ஃபைலை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. கவுன்டரிலும் இருக்காது, தலைமை சிஸ்டத்திலும் இருக்காது. நேராகப் போய்விடும். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

எல்லோரும் ஒரே இடத்தில் வேலை செய்வதால், அந்த டிஸ்க் போனால் எல்லோருடைய வேலையும் போகும். முன்பு பென்டிரைவில் அலைந்த காலத்தில் எங்காவது ஒரு பிரதியாவது இருந்தது. ஆகவே ஷேர் அமைத்த அன்றே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, கடை மூடும் முன் காப்பி எடுத்து, பிறகு கழற்றி வையுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க் ரேன்சம்வேருக்கும் சேர்ந்தே கிடைக்கும்.

11. பழைய சிஸ்டங்கள்

சில கடைகளில் ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டருக்காக மட்டும் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி பெட்டி ஓடும். எக்ஸ்பிக்கு எஸ்எம்பி 1 என்ற பழைய ஷேரிங் முறை மட்டும்தான் தெரியும். வானாக்ரை நுழைந்தது அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாகப் போடும் சிஸ்டங்களில் அது இருப்பதில்லை. ஒரு பிளாட்டருக்காகத் தலைமை சிஸ்டத்தில் எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்யாதீர்கள். அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் பென்டிரைவே போதும்.

12. கரண்ட் போய் வந்த பிறகு

தலைமை சிஸ்டத்தில் பவர் செட்டிங்ஸ் போய் ‘ஸ்லீப்’ என்பதை ‘நெவர்’ ஆக்குங்கள். திரை அணைந்தால் பரவாயில்லை, சிஸ்டம் தூங்கக் கூடாது.

யூபிஎஸ்ஸில் சிஸ்டத்தை மட்டும் மாட்டினால் போதாது. ரவுட்டரும் ஸ்விட்சும் சுவர்ப் பிளக்கில் இருந்தால், கரண்ட் போன நொடியில் சிஸ்டங்கள் ஓடும், பாதை அறுந்துவிடும். இசட் டிரைவிலிருந்து திறந்து வைத்த டிசைனை சேவ் செய்ய முடியாமல் நிற்கும். அவை இரண்டுக்கும் ஆகும் மின்சாரம் கொஞ்சம்தான், அதே யூபிஎஸ்ஸில் சேருங்கள்.

கடைசியாக, வேலை இல்லாத நேரத்தில் எல்லாவற்றையும் அணைத்து, வேண்டுமென்றே தப்பான வரிசையில் ஆன் செய்யுங்கள்: முதலில் கவுன்டர், அப்புறம் தலைமை. கவுன்டரில் இசட் டிரைவ் மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். தலைமை சிஸ்டம் முழுதாக எழுந்ததும் அந்த டிரைவை இரட்டை கிளிக் செய்யுங்கள். பாஸ்வேர்ட் கேட்காமல் திறந்தால் அமைப்பு முடிந்தது. பாஸ்வேர்ட் கேட்டால் படி 9-இல் ‘ரிமெம்பர்’ டிக் விடுபட்டிருக்கிறது. இதைச் செய்து காட்டும்போது கவுன்டரில் இருப்பவரும் பக்கத்தில் நிற்கட்டும். காலையில் சிவப்புக் குறியைப் பார்த்ததும் போன் போடாமல் அவரே இரட்டை கிளிக் செய்துகொள்வார். நிரம்பிய தாளைக் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள், மானிட்டரில் ஒட்டாதீர்கள்.